சிவந்துபோன கல்யாண ஆல்பம்: கிம்ப்பில் நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மீட்பது எப்படி

எங்கள் பெரிய அத்தையின் கல்யாணம் 1984-இல் நடந்தது. அந்த ஆல்பத்தை இப்போது புரட்டினால் பெண், மாப்பிள்ளை, புரோகிதர், வாழைமரம் எல்லாமே ஒரே செங்கல் நிறம். தலைமுடிகூடக் கறுப்பாக இல்லை. துருப்பிடித்த கம்பி மாதிரி ஒரு பழுப்பு. "என் கூரைப்புடவை அரக்குடா, இது என்ன தக்காளிச் சாதம் மாதிரி இருக்கு?" என்று அத்தை கேட்டார். அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட்டைத் திறந்து இரண்டு பட்டைகளையும் இழுத்துப் பார்த்தேன். படம் பளிச்சென்று ஆனது, சிவப்பும் கூடவே பளிச்சென்று ஆனது. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்தால் சிவப்போடு மற்ற நிறங்களும் போயின. இரண்டு மாலை நேரம் இப்படியே வீண்.

அப்புறம்தான் ஒரு விஷயம் புரிந்தது. கணினியில் இருக்கும் கலர் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நிறம் கெட்டிருக்கிறது என்றால் அந்த மூன்றில் ஏதோ ஒன்று வெளிறியிருக்கிறது அல்லது இருண்டிருக்கிறது என்று பொருள். எது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் வைத்தியம் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் நோய் அப்படியேதான் இருக்கும்.

நான் பயன்படுத்துவது கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள். காசு இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2018-இல் வந்த 2.10 பதிப்பானாலும் 2025-இல் வந்த 3.0 ஆனாலும் கீழே சொல்லும் வழி ஒன்றுதான். போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் லெவல்ஸ், கர்வ்ஸ் என்ற அதே பெயர்களில் இந்தக் கருவிகள் கிடைக்கும்.

ஏன் எல்லாம் சிவப்பாகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் காலத்துக் கலர் பிரின்ட்டில் மூன்று சாயங்கள் இருக்கும்: சயான் எனப்படும் பச்சைநீலம், மெஜந்தா எனப்படும் வாடாமல்லி நிறம், மஞ்சள். சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. ஆல்பத்துக்குள்ளே, பீரோ இருட்டிலேயே கிடந்தாலும், பழைய பிரின்ட்களில் பெரும்பாலும் முதலில் வலுவிழப்பது இந்தச் சயான்தான். அது போய்விட்டால் சிவப்பு ஒளியை விழுங்க ஆள் இல்லை. கறுப்பாக இருக்க வேண்டிய முடியிலிருந்துகூடச் சிவப்பு திரும்பி வந்து கண்ணில் விழுகிறது. போதாததற்குத் தாளின் வெள்ளையும் நாளாவட்டத்தில் மஞ்சளித்துப் போகும்.

சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் ஹேர்ஸ்டைல் படங்கள் இதற்கு நேர் எதிர். வெயிலும் வெளிச்சமும் பட்டுப் பட்டு அவை நீலமாக வெளிறியிருக்கும். அவை அச்சு மை. அதில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்துக்கு முதலில் ஓடிவிடும், சயான் தாக்குப்பிடித்து நிற்கும். அப்படிப்பட்ட படம் உங்களிடம் இருந்தால், நான் சிவப்புக்குச் சொல்வதைப் பச்சைக்கும் நீலத்துக்கும் செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் நல்ல ஸ்கேன்

படம் கணினிக்குள் வரும் விதத்தில் கோட்டை விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. முதல் தடவை தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். நாற்பது படங்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, அதையும் நன்றாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள். முகங்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. திரும்பவும் எடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். 4×6 அங்குலப் படம் அப்போது 2400×3600 புள்ளிகளாக வரும். பிற்பாடு இரட்டிப்பு அளவில், அதாவது 8×12 அங்குலத்தில், 300 டிபிஐ தரத்தோடு அச்சிடலாம். சேமிப்பது டிஃப் (TIFF) வடிவில். ஸ்கேனர் மென்பொருளில் 48-பிட் கலர் என்று ஒரு தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். ஆட்டோ கலர் கரெக்‌ஷன், கலர் ரெஸ்டோரேஷன் என்றெல்லாம் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். அது அதன் இஷ்டத்துக்கு ஒரு திருத்தம் செய்யும்; அதைத் திருத்த நீங்கள் தனியாக உழைக்க வேண்டும்.

போனில் எடுப்பதானால் ஃபிளாஷ் கூடாது. வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரம், நல்ல பகல். முக்கியமாக, அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், இன்னொரு பக்கம் பல்பு என்றால் படத்தின் இடது பாதி ஒரு நிறம், வலது பாதி ஒரு நிறமாகிவிடும். அதைச் சரிசெய்வது புதியவர்களுக்கான வேலை இல்லை. பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்க முயல வேண்டாம். மேல் அடுக்கு கையோடு வந்துவிடும். உறையோடு சேர்த்தே எடுங்கள்.

திரையைக் கவனியுங்கள்

மடிக்கணினிகளில் ராத்திரி ஆனால் திரை மஞ்சளாகும் வசதி ஒன்று இருக்கிறது, நைட் லைட் என்று. நான் அதை மறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு படங்களைச் சரிசெய்தேன். காலையில் பார்த்தால் கல்யாணக் கூட்டம் மொத்தமும் நிலா வெளிச்சத்தில் நின்ற மாதிரி நீலம். திரையின் மஞ்சளுக்கு ஈடாக என் கண் நீலத்தைக் கூட்டியிருக்கிறது. அதை அணையுங்கள். வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவதையும் நிறுத்துங்கள்.

கிம்ப்பில் திறந்ததும்

ஸ்கேன் கோப்பின் ஒரு நகலைத்தான் திறக்க வேண்டும். மூலத்தைத் தனி ஃபோல்டரில் வைத்துப் பூட்டி மறந்துவிடுங்கள். திறந்ததும் மூன்று சின்ன வேலைகள்.

ஒன்று, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தையும் ஸ்கேனரின் கறுப்பு விளிம்பையும் கிராப் செய்து நீக்குவது. அழகுக்காக அல்ல. நாம் படிக்கப்போகும் வரைபடத்தில் அந்த ஓரமும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

இரண்டு, இமேஜ் மெனுவில் பிரிசிஷன் (சில பதிப்புகளில் என்கோடிங்) என்பதில் 16-பிட் இன்டிஜர் தேர்ந்தெடுப்பது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். அதைப் பலமாக இழுத்து நீட்டினால் நடுநடுவே படிகள் விட்டுப்போகும். வானம், சுவர் மாதிரி வழவழப்பான இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். ஜேபெக் கோப்பை 16-பிட்டுக்கு மாற்றுவதால் இல்லாத தகவல் வந்துவிடாது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் மாற்றங்களில் மேலும் சேதம் ஆகாது.

மூன்று, லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, நகலெடுப்பது: கண்ட்ரோல், ஷிப்ட், டி. மேலே உள்ள நகலில்தான் வேலை. பக்கத்திலுள்ள கண் படத்தைத் தட்டினால் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். 3.0 பதிப்பில் செய்த மாற்றம் லேயரின் பக்கத்தில் ஒரு எஃபெக்ட்டாகவே நின்று, பிறகு திரும்பத் திறந்து மாற்றவும் இடம் கொடுக்கும். இருந்தாலும் நகல் லேயர் பழக்கத்தை நான் விடவில்லை.

மூன்று படங்களையும் தனித்தனியே பாருங்கள்

இந்தப் படி கட்டாயமில்லை. ஆனால் ஒரே ஒரு முறையாவது செய்து பாருங்கள். கலர்ஸ் மெனு, காம்போனன்ட்ஸ், டீகம்போஸ், அதில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்). புதிதாக ஒரு கோப்பு திறக்கும்; அதில் மூன்று லேயர்கள், மூன்றும் கறுப்பு-வெள்ளை.

அத்தையின் படத்தில் பச்சை லேயர் ஓரளவு ஆரோக்கியமாக இருந்தது. ஜரிகை, மாலைப் பூக்கள், நெற்றிச் சுட்டி எல்லாம் தெளிவு. நீலம் கொஞ்சம் இருட்டு, புள்ளி புள்ளியாக. சிவப்பு லேயரைப் பார்த்ததும்தான் ஐயோ என்றாகிவிட்டது. தண்ணீர் கலந்த பால் மாதிரி, கறுப்பே இல்லை. நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது. பார்த்தபின் அந்தக் கோப்பை மூடிவிடுங்கள், சேமிக்க வேண்டாம்.

லெவல்ஸ்: வேலையின் இதயம் இதுதான்

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறங்கள். ஒரு மலை மாதிரி வரைபடம் வரும். ஹிஸ்டோகிராம் என்பார்கள். இடது ஓரம் முழுக் கறுப்பு, அதாவது 0. வலது ஓரம் முழு வெளிச்சம், 255. எந்த இடத்தில் மலை உயரமோ, அந்த அளவு வெளிச்சமுள்ள புள்ளிகள் படத்தில் அதிகம். அவ்வளவுதான் அதன் ரகசியம். மலைக்கு அடியில் மூன்று முக்கோணங்கள்: இடது கறுப்பு, வலது வெள்ளை, நடுவில் சாம்பல்.

மேலே சேனல் என்ற இடத்தில் வேல்யூ என்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், மூன்று நிறங்களையும் சேர்த்து இழுப்பது அது. கீழே இறக்கி ரெட் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் படத்தில் சிவப்பு மலை ஏறக்குறைய 96-இல் தொடங்கி 240-இல் முடிந்தது. இடது பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் தரை. சயான் ஓடிப்போனதால் சிவப்பில் கறுப்பே இல்லாமல் போனது இப்படித்தான் வரைபடத்தில் தெரிகிறது. கறுப்பு முக்கோணத்தைப் பிடித்து வலப்பக்கமாக, மலையின் அடிவாரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்புவரை, 90 வரைக்கும் இழுத்தேன். இழுக்க இழுக்கச் சிவப்புத் திரை விலகுவதை நீங்களே பார்க்கலாம். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. வெள்ளை முக்கோணத்தை 240-க்கு.

அடுத்து கிரீன். அங்கே மலை 30 முதல் 225 வரை. முக்கோணங்களை 28-க்கும் 226-க்கும் கொண்டுவந்தேன். புளூவில் மலை 38-இல் தொடங்கி 196-லேயே முடிந்துவிட்டது. வலப்பக்கம் காலியாக இருப்பது தாள் மஞ்சளித்ததன் அடையாளம். வெள்ளைகளில் நீலம் குறைந்தால் மஞ்சளாகத்தானே தெரியும். வெள்ளை முக்கோணத்தை 198-க்கு இழுத்ததும் மாப்பிள்ளையின் வேட்டி வெளுத்தது.

இந்த எண்கள் என் படத்துக்கு. உங்கள் மலை எங்கே தொடங்குகிறதோ, எங்கே முடிகிறதோ, அதுதான் உங்கள் எண். ஓரத்தில் தனியாக மெல்லிய வால் மாதிரி சில புள்ளிகள் நீண்டிருந்தால் அது பெரும்பாலும் தூசியும் கீறலும்தான், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் மலையின் உடம்பையே வெட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அப்படி வெட்டியது எல்லாம் ஒரே கறுப்பாகவோ ஒரே வெள்ளையாகவோ ஒட்டிப்போகும்; புடவை மடிப்பு காணாமல் போவது அங்கேதான்.

இப்போது முடி கறுப்பு, வேட்டி வெள்ளை. ஆனால் நடுத்தர வெளிச்சங்களில், குறிப்பாக முகங்களில், ஒரு பச்சைநீலச் சாயல் வந்திருக்கலாம். மறுபடி ரெட் சேனலுக்குப் போய் நடு முக்கோணத்தை இடப்பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். 1.00 என்றிருப்பது 1.08, 1.10 என்று உயரும், முகத்தில் ரத்தம் வரும். இன்னும் சிவப்பு மிச்சமிருந்தால் வலப்பக்கம். இங்கே கை மெதுவாக ஓட வேண்டும். நூலளவு நகர்த்தினாலே முகத்தில் தெரியும்.

இந்தச் சேனல் வேலையை ஒரே சொடுக்கில் செய்யும் கட்டளையும் உண்டு: கலர்ஸ், ஆட்டோ, ஒயிட் பேலன்ஸ். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ஓரத்திலும் 0.05 சதவீதப் புள்ளிகளைத் தள்ளிவிட்டு மீதியை நீட்டிவிடும். அவசரத்துக்கு நல்லது, முதலில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் படத்தில் உண்மையான கறுப்போ வெள்ளையோ இருந்தால்தான் அது சரியாக வரும். மணமகளின் கை, மருதாணி, சிவப்புப் புடவை மட்டும் நிறைந்த குளோசப்பில் அதைப் போட்டால் புடவையின் சிவப்பையே நோய் என்று நினைத்து வெட்டிவிடும்.

வேட்டி வெள்ளையா?

லெவல்ஸில் மூன்று சொட்டுக்குழாய்ப் படங்கள் இருக்கும். நடுவில் இருப்பது சாம்பலுக்கானது. படத்தில் எந்த நிறச் சாயலும் இல்லாத ஒரு பொருளை அதால் தொட்டால், அந்தப் பொருள் சாம்பலாகும்படி மொத்தப் படத்தையும் மாற்றிவிடும். கேட்க எளிது. எதைத் தொடுவது என்பதில்தான் சிக்கல்.

எல்லோருடைய கையும் நேரே வேட்டிக்குப் போகும். பட்டு வேட்டி என்றால் அது வெள்ளையே இல்லை, சந்தன நிறம் கலந்தது. அதைத் தொட்டால் படம் நீலமாகும். பருத்தி வேட்டி என்றால் வேறு வம்பு. அந்தக் காலத்தில் வெள்ளைத் துணி துவைத்தால் சொட்டு நீலம் போடாமல் காயப்போட மாட்டார்கள். கண்ணுக்கு அது பளீர் வெள்ளை, உண்மையில் நீலச்சாயல். அதைத் தொட்டபோது எங்கள் கல்யாணக் கூட்டத்துக்கே மஞ்சள்காமாலை வந்துவிட்டது. எவர்சில்வர் குடமும் ஏமாற்றும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் நிறத்தைக் காட்டும்.

எனக்குக் கைகொடுத்தவை: பாட்டியின் நரைமுடி, தாத்தாவின் நெற்றி விபூதி (காய்ந்தது, வியர்வையில் கரையாதது), சிமெண்ட் தரை. இரண்டு மூன்று இடங்களைத் தொட்டுப் பார்த்து, விடைகள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் சொட்டுக்குழாயை விட்டுவிட்டு முக்கோணங்களையே நம்புங்கள்.

முகத்தின் நிறம்

நிறம் சரியா என்று கடைசியில் எல்லோரும் பார்ப்பது முகத்தைத்தான். கலர் பிக்கர் கருவியை எடுத்து, சாம்பிள் ஆவரேஜைப் போட்டு, கன்னத்தில் ஷிப்ட் அழுத்திச் சொடுக்குங்கள். தகவல் பெட்டியில் ஆர்ஜிபி 0..255 என்று மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தோலுக்குச் சிவப்பு அதிகம், பச்சை அடுத்தது, நீலம் கடைசி. அத்தையின் கன்னம் எனக்கு 168, 118, 92 என்று வந்தது. எண் முக்கியமில்லை, வரிசைதான் முக்கியம். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் கத்தரிப்பூவாகும். பச்சை சிவப்பை நெருங்கினால் நோயாளி முகம்.

விதிவிலக்குகளும் உண்டு. நலங்கு வைத்த படங்களில் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள். அங்கே நீலம் இன்னும் கீழே கிடக்கும், அது பிழையல்ல, விட்டுவிடுங்கள். மண்டபச் சுவருக்குப் பச்சை வெள்ளையடித்திருந்தால் சுவரோரம் நின்றவர் கன்னத்தில் பச்சை தட்டும். அதுவும் அன்றைய உண்மைதான்.

இன்னொன்று. நடு முக்கோணத்தை இழுத்து முகங்களை வெளுப்பாக்கும் ஆசை நம் ஊரில் அதிகம். ஸ்டுடியோக்கள் கேட்காமலேயே செய்து கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். கோடாக் நிறுவனம் பிரின்ட் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த ஷெர்லி அட்டைகளிலேயே நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். கருந்தோலுக்கு அந்த அளவுகோல் பொருந்தவில்லை என்பது பின்னால் பெரிதாகப் பேசப்பட்டது. மாநிறத் தாத்தாவை மாநிறமாகவே விடுங்கள். வெளுத்தால் கன்னத்தின் மேடு பள்ளம் போய் முகம் தட்டையாகும்; அது தொழில்ரீதியாகவும் மோசமான வேலை.

கலர் பேலன்ஸ்

லெவல்ஸுக்குப் பிறகும் நிழலில் மட்டும் ஒரு சிவப்பு, வெள்ளையில் மட்டும் ஒரு மஞ்சள் என்று மிச்சம் இருக்கலாம். கலர்ஸ் மெனுவில் கலர் பேலன்ஸ் அதற்குத்தான். ஷேடோஸ் (நிழல்), மிட்டோன்ஸ் (நடுத்தர வெளிச்சம்), ஹைலைட்ஸ் (பளிச்சிடும் இடங்கள்) என்று மூன்று பிரிவு; ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகள். சயானுக்கு எதிர் சிவப்பு, மெஜந்தாவுக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் நீலம். இந்த மூன்று ஜோடியை மனப்பாடம் செய்துவிட்டால் எந்த மென்பொருளிலும் பிழைத்துக்கொள்ளலாம். மிகையான நிறத்துக்கு எதிர்ப்பக்கம் ஐந்து, பத்து என்று நகர்த்துங்கள். பிரிசர்வ் லுமினாசிட்டி டிக் அப்படியே இருக்கட்டும். இருபதைத் தாண்ட வேண்டியிருந்தால் லெவல்ஸில் ஏதோ தவறிவிட்டது, திரும்பிப் போங்கள்.

இப்போதுதான் கான்ட்ராஸ்ட்

நிறம் சரியாகும் முன்பு கான்ட்ராஸ்ட்டைத் தொட்டால் நிறக்கோளாறும் சேர்ந்து வலுக்கும்; நான் முதல் இரண்டு மாலைகளில் செய்தது அதைத்தான். லெவல்ஸில் மலையை நீட்டியபோதே கான்ட்ராஸ்ட்டில் பெரும்பகுதி வந்துவிட்டிருக்கும். பல படங்களுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படாது.

தேவைப்பட்டால், சரிசெய்த லேயரை மறுபடி ஒரு நகல் எடுங்கள். அந்த மேல் லேயரின் மோடை எல்சிஎச் லைட்னஸ் என்று மாற்றுங்கள். ஏனென்றால் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும்போது நிறங்களும் கூடவே தடித்துப் போகும். இந்த மோடில் வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் கீழே இருப்பதையே பின்பற்றும்.

அப்புறம் கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ். மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு. கீழ் அச்சு பழைய வெளிச்சம், பக்க அச்சு புதிய வெளிச்சம். கோடு நேராக இருந்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். கோட்டின் மீது கால்பங்கில் ஒரு புள்ளி, முக்கால்பங்கில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் புள்ளியைக் கொஞ்சம் கீழே, இரண்டாவதைக் கொஞ்சம் மேலே. 64-ஐ 56-க்கும் 192-ஐ 199-க்கும் நகர்த்துவது போதும். கோடு லேசாக ஆங்கில எஸ் மாதிரி வளையும். எங்கே கோடு செங்குத்தாகிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கூடுகிறது, எங்கே படுக்கிறதோ அங்கே குறைகிறது. அதாவது நடுவில் கூடியதற்கு விலை நிழலிலும் வெள்ளையிலும் கொடுக்கிறோம். இலவசம் எதுவும் கிடையாது.

கல்யாணப் படங்களில் ஒரு தொல்லை உண்டு. அந்தக் கால போட்டோகிராபர்கள் கேமரா மேலே பெரிய ஃபிளாஷ் வைத்து நேருக்கு நேர் அடித்திருப்பார்கள். முன்னால் நிற்பவரின் சட்டை ஏற்கெனவே வெளிச்சத்தின் உச்சியில் இருக்கும், பின்வரிசை உறவினர்கள் இருட்டில். இதற்கு எஸ் வளைவு சரிப்படாது. மேல் புள்ளியைத் தொடாமல் கீழ்ப் புள்ளியைச் சற்று மேலே தூக்குங்கள். அல்லது ஷேடோஸ்-ஹைலைட்ஸ் கருவியில் ஷேடோஸை மட்டும் கூட்டுங்கள். சித்தப்பா தெரிய ஆரம்பிப்பார், கூடவே புள்ளி இரைச்சலும். சித்தப்பாவை அடையாளம் தெரிந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

புடவையைக் கேளுங்கள்

கடைசியாக ஹியூ-சாச்சுரேஷன். எல்சிஎச் லைட்னஸ் லேயரில் நிற மாற்றம் தெரியாது; ஆகவே லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து, இதுவரை வந்த படத்தை மேலே ஒரு புது லேயராக எடுத்து அதில் செய்யுங்கள். அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை, சயான், நீலம், மெஜந்தா என்று ஆறு பொத்தான்கள் தனித்தனியாக உண்டு. மொத்தமாகக் கூட்டாமல் தேவையான ஒன்றை மட்டும் மாற்றலாம். சிவப்பைத் தேர்ந்தெடுத்து ஹியூவை (நிறத்தின் சாயலை) மெஜந்தா பக்கம் சில புள்ளிகள் நகர்த்தி, லைட்னஸைக் கொஞ்சம் குறைத்தால் தக்காளி அரக்காகும். முகத்திலும் சிவப்பு இருக்கிறது, அதுவும் சேர்ந்து மாறும். ஆகவே முகத்தில் ஒரு கண் இருக்கட்டும். முகம் கெட்டால் அந்த லேயருக்கு மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு முகத்தின் மேல் கறுப்புத் தூரிகையால் தடவிவிடுங்கள், மாற்றம் அங்கே மட்டும் மறைந்துவிடும்.

எவ்வளவு அரக்கு என்று எப்படித் தெரியும்? அத்தையைக் கேட்டேன். நம் வீட்டுப் பெண்களின் நிற அகராதி எந்த மென்பொருளையும்விட நுணுக்கமானது. எம்.எஸ். புளூ வேறு, மயில்கழுத்து வேறு. எது எது என்று ஒரு நொடியில் சொல்வார்கள். அத்தை ஒரு படி மேலே போய், பீரோவைத் திறந்து, மல்துணியில் சுற்றியிருந்த அந்தப் புடவையையே எடுத்து வந்துவிட்டார். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உங்கள் வீட்டிலும் புடவை, ஜமுக்காளம், பித்தளை விளக்கு என்று படத்தில் இருக்கும் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கும். தேடுங்கள்.

கறுப்பு-வெள்ளைப் படங்கள் மஞ்சளித்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் போட்டு நிறத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, லெவல்ஸில் வேல்யூ ஒன்றை மட்டும் நீட்டினால் முடிந்தது. கணினி இல்லாதவர்கள் போனில் ஸ்னாப்சீட் செயலியில் கர்வ்ஸைத் திறந்தால் அங்கேயும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே கிடைக்கும். சின்னத் திரையில் விரலால் இழுப்பது சிரமம், ஆனால் முடியும்.

சேமிப்பதும் அச்சிடுவதும்

முடித்ததும் உடனே அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையில் புதுக்கண்ணோடு பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறைக்கத் தோன்றும். மேல் லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது கீழே இருப்பதை மறைக்கும் அளவை, நூறிலிருந்து எண்பதுக்கோ எழுபதுக்கோ இறக்கினால் போதும்.

வேலை செய்த கோப்பை எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமியுங்கள், லேயர்கள் அதில்தான் பிழைக்கும். பகிர்வதற்கு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து ஜேபெக், தரம் 90-க்குக் குறையாமல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

அச்சிடக் கொடுக்கும்போது முதலில் ஒரே ஒரு படத்தை 4×6 அளவில் போட்டுப் பாருங்கள். நான் நாற்பதையும் ஒரேயடியாகக் கொடுத்தேன். லேப் இயந்திரத்தில் தானியங்கித் திருத்தம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாப் படங்களும் ஒரு சுற்று வெளுத்து, கான்ட்ராஸ்ட் தூக்கலாக வந்தன. கவுண்டரில் இருந்த தம்பியிடம் விவரம் சொன்னதும், "முன்னாடியே கரெக்‌ஷன் வேணாம்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றார். கவரின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்: கரெக்‌ஷன் வேண்டாம்.